அறுபத்தெட்டாம் மாடியில் பெண் பார்த்தது

காப்பெல், டெக்ஸாஸ்
3.10.1999, ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மச்சான் குமாரசாமி அவர்களின் சமூகத்துக்கு, நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை புஷ்பவல்லியும் மகள் கயலும் ஆண்டவன் அருளாலும் குளிர்சாதன இயந்திரத்தின் அருளாலும் சுகம். அங்கு தாங்களும் காமாக்ஷி அக்காவும், ஈரோட்டு மண்டியில் அடுக்கி வைத்திருக்கும் மஞ்சள் மூட்டைகள் உட்பட அனைவரும், ஈரம் படாமல் சுகமாக இருக்கச் சென்னிமலையானை வேண்டுகிறேன்.

கோபியிலிருந்து புறப்பட்ட நாங்கள் சிங்கப்பூர், ஜப்பான் வழியாகச் சென்ற திங்கட்கிழமை இங்கே வந்து இறங்கினோம். காப்பெல் நல்ல ஊர். தோசைக்கல் மாதிரி தரை சமம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு குறை, கயல் வீடு பிடித்திருப்பது இரண்டாவது மாடியில். பதறிப் போனேன். பிறகுதான் தெரிந்தது, இவர்கள் தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணுகிறார்கள். ஏறாமலேயே ஒரு மாடி கணக்கில் வந்துவிடுகிறது. பால்கனி ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரின் உயரம் எனக்குத் திருப்தி இல்லாததால் நான் அங்கே போவதில்லை.

நிற்க. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். தாங்கள் கொண்டுவந்த காங்கயத்துச் சம்பந்தம், பையன் சபரிநாதன், நமக்குச் சரிப்படாது. நான் தீர யோசித்து எடுத்த முடிவு இது. அவர்கள் வீட்டில் மனம் நோகாமல், ஜாதகம் இன்னொரு தடவை பார்த்ததில் பொருத்தமில்லை என்று தாங்களே சொல்லிவிட வேண்டியது. காரணங்களைக் கீழே விவரமாக எழுதுகிறேன்; படித்து முடிக்கும்போது தாங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடந்தது இதுதான். வருஷம் இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக் குழம்பிவிடுமாம். அதைத் திருத்துவதற்காகக் கயலை அவள் கம்பெனி மூன்று வாரம் டோக்கியோவுக்கு அனுப்பியிருந்தது. பையன் வேலை பார்ப்பது பக்கத்திலேயே யோகோஹாமாவில். நாங்களும் அந்த வழியாகத்தான் வருகிறோம். ஆகவே அங்கேயே பெண் பார்த்துவிடலாம் என்று தாங்கள்தான் யோசனை சொன்னீர்கள். நல்ல யோசனைதான். எங்கே பார்ப்பது என்பதை மட்டும் நான் தீர்மானித்திருக்க வேண்டும். கயலும் பையனும் ஈமெயிலில் பேசி இடத்தை முடிவு செய்துவிட்டார்கள். ரயிலில் போகும்போதுதான் எனக்குச் சொன்னாள். "அப்பா, துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு டவர் இருக்கு. மேல வ்யூ சூப்பரா இருக்குமாம். காபி ஷாப்பும் இருக்கு. உக்காந்து நிம்மதியா பேசலாம்." மேல என்றால் எத்தனையாவது மாடி என்றேன். அறுபத்தெட்டு என்றாள், ஏதோ பஸ் நம்பர் சொல்வது போல.

மச்சான், என்னைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்து நான்கு வருஷம், பதினோரு மேல்நிலைக் குடிநீர்த் தொட்டிகளைக் கட்டி எழுப்பியவன் நான். அவற்றில் ஒன்றின் மேலும் நான் ஏறியதில்லை என்று தாங்கள் கல்யாண வீடுகளில் கேலி பேசுவது உண்டு. கீழே புளியமரத்தடியில் நின்று பார்த்தால்தான் செங்குத்து சரியாகத் தெரியும் என்று நானும் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆகவே பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது தொழில் சார்ந்த எச்சரிக்கை.

லிஃப்ட் நாற்பது வினாடியில் மேலே போகும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நாற்பது வினாடியில் நம் வீட்டு மோட்டார் தண்ணீர் கூட மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறாது. கதவு மூடியது, காது அடைத்தது, கதவு திறந்தது. அவ்வளவுதான். இடையில் நான் கந்தர் சஷ்டி கவசத்தின் முதல் இரண்டு வரி சொன்னதாக ஞாபகம். வெளியே வந்தால் நாலு பக்கமும் கண்ணாடி. சுவர் என்று ஒன்று கிடையாது. தங்கள் தங்கை இருக்கிறாளே, சமையல்கட்டில் பல்லி விழுந்தால் தெருவரைக்கும் ஓடுகிறவள், நேராகப் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க! கப்பலெல்லாம் குழந்தைப் புள்ளைங்க செருப்பாட்டம் கெடக்குது. ராட்டினம் ஒண்ணு சுத்துதுங்க, நம்ம பண்ணாரி திருவிழாவுல சுத்துமில்லீங்க, அதை மாதிரி நூறு!" எனக்கு இங்கிருந்தே தெரிகிறது என்றேன். நான் நின்றது லிஃப்டை ஒட்டிய நடுச்சுவரில் முதுகை வைத்து. கட்டடத்தின் பலம் முழுக்க அந்த நடுப்பகுதியில்தான் இருக்கும் என்பது பொறியாளர் அறிந்த விஷயம்.

பையன் ஏற்கனவே வந்திருந்தான். கண்ணாடியை ஒட்டிய மேசை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். உயரம் சுமார், முகம் களை, கும்பிட்ட விதம் மரியாதை. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நல்ல காரியத்தில் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்று சொல்லி நான் நடுச்சுவரோரம் இருந்த மேசையைக் காட்டினேன். அவன் தயங்கித் தயங்கி, "அங்கிள், கிழக்கு அந்தப் பக்கம்ங்க, கடல் இருக்கற பக்கம்" என்றான். நான் விடவில்லை. "தம்பி, ஜப்பானே கிழக்குதான். இதுக்கு மேல எங்க கிழக்கு?" என்றேன். உடனே என் மேசைக்கே வந்து உட்கார்ந்தான். இப்படி ஆரம்பம் நமக்குச் சாதகமாகவே இருந்தது.

புஷ்பா முறுக்கு டப்பாவை எடுத்து வைத்தாள். கயல் காபி வாங்கி வந்தாள். ஆக, பெண் காபி கொண்டுவரும் சம்பிரதாயமும் அறுபத்தெட்டாம் மாடியில் குறைவில்லாமல் நிறைவேறியது. நான் கேள்விகளைத் தொடங்கினேன். காது அடைத்துக்கொண்டிருந்ததால் சற்று உரக்கவே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்து மேசையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த ஜப்பானிய அம்மாள் ஒருவர் ஒவ்வொரு கேள்விக்கும் தலை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலங்களில் என்ன செய்வாய் என்று பையனைக் கேட்டேன். "தினமும் ஒரு மணி நேரம் குடிப்பேங்க அங்கிள்" என்றான். நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரமா என்றேன். "லீவு நாள்ல ரெண்டு மணி நேரங்க. டீச்சர் ஒருத்தங்க வீட்டுக்கே வர்றாங்க" என்றான். கயல் என் காதருகே குனிந்து, "அப்பா, படிப்பேன். ஜாப்பனீஸ் படிப்பேன்னு சொல்றார். ப்ளீஸ், முகத்தை மாத்துங்க" என்றாள். மாற்றிக்கொண்டேன். ஆனாலும் இவ்வளவு தெளிவில்லாமல் பேசும் பையனா என்று மனதில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

அடுத்து நான் செய்தது எந்தப் பொறுப்பான தகப்பனும் செய்யக்கூடியது. என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கொத்தனார்கள் வைத்திருப்பதே, கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக்குமிழி ஓடுமே, அது. குமிழி நட்ட நடுவில் நின்றது. ஜப்பான்காரன் வேலை சுத்தம் என்று பாராட்டிக்கொண்டிருக்கும்போதே குமிழி மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. பிறகு வலது பக்கம். "கட்டடம் சாயுது" என்றேன். பையன் சிரித்தான். "இல்லீங்க அங்கிள், இவ்வளவு உயரத்துல காத்துக்குக் கொஞ்சம் அசையும். டிசைனே அப்படித்தாங்க." முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ்காரனிடம் டிசைன் பற்றிப் பேசுகிறான். குமிழி குழாயின் ஒரு முனைக்கே போய் ஒட்டிக்கொண்டது. "தம்பி, சாயுதுங்கறேன்" என்று நான் எழுந்து நிற்கவும், மேலே தொங்கிய விளக்குகளெல்லாம் ஒன்றாக ஆடவும், ஒலிபெருக்கியில் ஒரு பெண் மிகவும் இனிமையான குரலில் ஏதோ அறிவிக்கவும் சரியாக இருந்தது. பூகம்பம். மச்சான், அந்த மாடியில் இருந்த இருநூறு பேரில் அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இதைத் தாங்கள் மறக்கக் கூடாது, ஏனென்றால் இனி எழுதப்போவதில் எனக்குப் பெருமை தரக்கூடியது வேறெதுவும் இல்லை.

பெரிய பூகம்பமில்லை. கீழே ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரிந்தே இருக்காது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் உயரத்தில் அது வேறு மாதிரி. வேப்பமரத்தில் தூரி கட்டி ஆடுவோமே, அது போல நிதானமாக, போய், வந்து, போய், வந்து. ஜப்பானியர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்தார்கள். புஷ்பா "முருகா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் கயலின் தோளைப் பிடித்துக்கொண்டு ராட்டினம் ஆடுகிறதா என்று எட்டிப் பார்த்தாள். நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? மேசைக்கடியில். எப்படிப் போனேன் என்பது எனக்கே தெரியாது. என் மேசையின் அடியிலும் அல்ல. அந்த ஜப்பானிய அம்மாளின் மேசைக்கடியில். அவர் சிறு வயதிலிருந்து பழகியவர் போல, கைப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒழுங்காக அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். தன் கையை எடுத்து என் கைமேல் வைத்தார். என்னவோ சொன்னார். மேசைக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருந்த பையன், "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க மாமா" என்றான். அந்த நேரத்தில் அங்கிள் மாமாவாகிவிட்டதை நான் கவனித்தேன்.

ஆட்டம் இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. லிஃப்டுகளைத்தான் நிறுத்திவிட்டார்கள், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் விடுவார்களாம். அதற்கு ஆனது ஒரு மணி நேரம் இருபது நிமிஷம். மற்றவர்களெல்லாம் எழுந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் எழவில்லை. எழ முடியவில்லை என்பதுதான் சரி. அந்த அம்மாளும் எழவில்லை. ஏனென்றால் அவர் கையை நான் விடவில்லை. புஷ்பா மாடி முழுக்க நடந்து முறுக்கு விநியோகம் செய்துகொண்டிருந்தாள். கயல் அவளுக்கு உதவியாகப் போயிருந்தாள். அந்த அம்மாள் ஜப்பானிய மொழியில் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார். மகனைப் பற்றியோ மழையைப் பற்றியோ இருக்கலாம். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்ல வேண்டுமே என்று நானும் தமிழில் பேச ஆரம்பித்தேன். அங்கேதான் மச்சான், தவறு செய்துவிட்டேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம், சத்தியமங்கலம் பக்கத்தில் என் முதல் தொட்டி. சாரத்தில் மேல் தட்டில் நின்ற மாரப்பன் என்கிற கொத்தனார், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் தவறி விழுந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நாற்பது அடி. மணல் குவியலில் விழுந்ததால் பிழைத்தார்; இடது கை எலும்பு மட்டும் முறிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே பழையபடி சாரத்தில் ஏறிப் பூசிக்கொண்டிருந்தார். ஏறாமல் போனது நான்தான். அளவு பார்க்க என்று ஒவ்வொரு தடவையும் ஏணியில் கை வைப்பேன். மூன்றாவது படியில் கால் நின்றுவிடும். உடனே இறங்கி, கீழே இருந்தே குறை கண்டுபிடித்துக் கத்துவேன். முப்பது வருஷம் கத்தினேன். புஷ்பாவுக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் கேலி பேசியிருக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் யோகோஹாமாவில் மேசைக்கடியில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் நிறுத்தாமல் சொன்னேன். அழுதேன் என்று எழுதவும் வேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் "ஹோ, ஹோ" என்று கேட்டுக்கொண்டார், கைக்குட்டை கொடுத்தார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். ஆனால் தமிழ் புரிகிறவன் ஒருவன் ஒரு முழம் தள்ளிக் குந்தி உட்கார்ந்திருந்தான். முழுக்கக் கேட்டான். நான் திரும்பிப் பார்த்தபோது தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு லிஃப்ட் வந்தது. படியில் இறங்கிவிடுகிறேன் என்றேன். அனுமதி இல்லை என்றார்கள். உள்ளே நுழைந்ததும் பையன் என் பக்கத்தில் ஒட்டி நின்று, "மாமா, ஒரு டவுட்டுங்க. தண்ணித் தொட்டிக்குக் கலவை என்ன கணக்குல போடுவாங்க?" என்று கேட்டான். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்றேன். எதுக்குங்க மாமா அப்படி என்றான். சிமெண்டு, மணல், ஜல்லி என்று ஆரம்பித்து, தண்ணீர் கசியாமலிருக்க ஜல்லியை ஏன் சலிக்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. தரை. இதுகூடத் தெரியாத பையனா என்று ரயிலில் கயலிடம் ஏளனமாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அப்பா, அவர் படிச்சது சிவில். அப்புறம்தான் கம்ப்யூட்டருக்கு வந்தார். பயோடேட்டாவைப் படிக்கவே இல்லையா நீங்க?" என்றாள்.

இப்போது காரணம் விளங்கியிருக்கும். பையனிடம் குறை இல்லை. குறை, அவன் பார்த்துவிட்டதில் இருக்கிறது. மாமனார் என்பவர் மாப்பிள்ளை முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியவர். மேசைக்கடியில் மூக்கைச் சிந்தியவரை மணமேடையில் பாதம் தொட்டு வணங்கச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? வணங்குவான், நல்ல பையன். அதுதான் எனக்குத் தாங்காது. ஆயுள் பூராவும் நான் அவன் முன்னால் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அவனுக்கு மேசையின் அடிதான் ஞாபகம் வரும். கயலின் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் முறுக்கு விநியோகத்துக்கு நடுவில் பார்த்ததில் அவளுக்கு என்ன அபிப்பிராயம் வந்திருக்க முடியும்? ஆகவே தாமதிக்காமல் ஜாதக விஷயத்தைச் சொல்லி முடித்துவிடவும். நம் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமையும். தரையில் இருக்கிறவனாகப் பார்ப்போம்.

காமாக்ஷி அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டுச் சிறுசுகள் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். படிப்பும் பவிசும் பெருகி, வீட்டில் பாலும் மண்டியில் விலையும் பொங்க எல்லாம் வல்லவன் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டுவதற்கு நாக்கை நீட்டிய நேரத்தில் கயல் வந்து போனை நீட்டினாள். மறுமுனையில் தாங்கள். "ஏனுங்க மாப்ளே, காங்கயத்துல இருந்து சபரியோட அப்பா வந்து இப்பத்தான் போறாருங்க. பூகம்பத்துல ஒரு ஜப்பான்காரம்மா பயந்து நடுங்கிட்டாங்களாம், நீங்க அவிங்க கையப் புடிச்சுட்டு லிஃப்டு வர்ற வரைக்கும் பேச்சுக் குடுத்துட்டே இருந்தீங்களாமா. பையன் போன்ல சொல்லிச் சொல்லி மாளலையாம். அப்படியாப்பட்ட மனுசன் வூட்லதான் பொண்ணெடுக்கோணும்னு அவரு ஒத்தக் கால்ல நிக்கறாரு" என்றீர்கள். நான் "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். தாங்கள் போனை வைத்த பிறகு கயலைக் கேட்டேன். "நான் அங்கயே ஓகே சொல்லிட்டேன்ப்பா. அம்மா கடைசி முறுக்கு குடுத்துட்டு இருந்தப்ப அவர்தான் வந்து கேட்டார். ஆமா, அந்த லேடிகிட்ட அவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க? அவர்கிட்ட கேட்டா, தண்ணித் தொட்டி பத்தின்னு சொல்றார்" என்றாள். தண்ணீர்த் தொட்டி பற்றித்தான் என்றேன்.

ஆகவே மேலே ஆறு பக்கத்தில் எழுதிய முடிவை ரத்து செய்துகொள்ளவும். ஜாதகம் பொருந்துகிறது. கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்தான். ஆனால் போனில் நான் சொன்ன "ஆமாங்க" பொய். நம் பக்கத்திலும் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும் என்று இதையே அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். தை மாதத்துக்கு இப்போதே மண்டபம் பிடித்துவிடுங்கள். தரைத்தளமாகக் கிடைத்தால் நல்லது. மாடியில்தான் இருக்கிறது என்றாலும் முன்பணம் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை கூட வருகிறாரல்லவா, ஏறிவிடுவேன்.